டேட் அக்கா

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசியது ஒரு பஸ்ஸைப் பற்றி. மைசூர் விஜயநகரில் அந்த வீட்டின் மாடிக்கு நான் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கீழே பின்பக்கத்து ஒற்றை அறையில் அவர் இருந்தார். ஹெப்பாளில் இருக்கும் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஆறரைக்குப் படியிறங்கினேன். கையில் சின்ன எவர்சில்வர் டப்பாவோடு நின்றிருந்தார். உள்ளே தேங்காய் பர்பி, நான்கே துண்டு.

"எடுத்துக்குங்க அம்மிணி. இன்னைக்கு எங்க பக்கத்துல ஒரு ஊருக்கு மொத பஸ்ஸு வந்த நாளுங்க. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு."

எந்த ஊர் என்று கேட்டேன். ஹனூரைத் தாண்டி ஏதோ ஒரு பெயர் சொன்னார். நான் கேள்விப்பட்டதில்லை. அவருடைய சொந்த ஊரா என்றால் அதுவும் இல்லை. "நான் அங்க ரெண்டு தடவதான் போயிருக்கேனுங்க" என்றார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது மீதி மூன்று துண்டோடு அங்கேயே நின்றிருந்தார். அந்தக் காலை வேளையில் கொடுக்க அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை, தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை. ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அந்தப் பக்கத்துக் கோப்புகளைப் பிரித்துக் கட்டி அனுப்பும் வேலையை இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். பார்க்காமல் கட்டினால் போதும் என்றுதான் மேலதிகாரி சொல்லியிருக்கிறார். இவரால் முடியவில்லை. மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து, தூசியில் இருமிக்கொண்டே ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்திருக்கிறார். எந்த ஊருக்கு என்றைக்குக் கரண்ட் வந்தது, எந்தச் சந்தைக்குள் யானை புகுந்தது, எங்கே பரிசல் கவிழ்ந்தது, எந்தப் பள்ளிக்கூடம் என்றைக்குத் திறந்தது, எல்லாம் அதில் இருந்தன. கோப்புகள் லாரியில் போய்விட்டன. தேதிகளை இவர் விடவில்லை.

தெருவில் அவருக்கு 'டேட் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி ஒன்றாம் தேதி அவர் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். பழைய தினசரிக் காலண்டரில் எழுதி வைத்திருந்ததையெல்லாம் புதுக் காலண்டருக்கு மாற்ற அந்த ஒரு நாள் சரியாக இருக்கும். ஒரு வருடம் கண்ணில் கட்டி வந்து அவஸ்தைப்பட்டார். நான் போய்ப் படித்துச் சொன்னேன், அவர் எழுதினார். ஒரு ஊரில் கிணற்றில் தண்ணீர் கண்ட நாள். ஒரு ஊரில் அரிசி ஆலை எரிந்த நாள். மலைமேல் ஒரு கிராமத்துக்கு நர்ஸ் வந்து தங்கிய நாள். பாதி வருடம் முடிவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"என்னக்கா இது, ராஜா, மந்திரி ஒருத்தர்கூட இல்லையே?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கெல்லாம் மாலை போட ஆளு இருக்குதுங்க அம்மிணி. இதுக்கு யாரு இருக்கா?"

காலண்டரில் எழுதி வைப்பதோடு விட்டிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அந்தந்த நாளில் அந்தந்த ஊருக்கு போன் செய்வார். பஞ்சாயத்து ஆபீஸ், பள்ளிக்கூடம், தபாலாபீஸ், எங்கே நம்பர் கிடைத்தாலும் சரி. வீட்டுக் கம்பிக் கதவருகில்தான் சிக்னல் கிடைக்கும். அதனால், ஸ்பீக்கரைப் போட்டு அவர் பேசுவதெல்லாம் மாடிக்குக் கேட்கும். கன்னடத்தில் மிகவும் மரியாதையாக ஆரம்பிப்பார். உங்கள் ஊருக்குக் கரண்ட் வந்து இன்றோடு இத்தனை வருடம் என்பார். எதிர்ப்பக்கத்தில் யாரோ, "அதுக்கேனு மேடம்?" என்பார்கள். அதற்கென்ன என்று. இவர், "ஒண்ணுமில்ல சார், தெரிஞ்சிருக்கட்டும்னுதான்" என்பார். அதற்குள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வைத்துவிட்டிருப்பார்கள். போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே போவார்.

நல்ல நாள், கெட்ட நாள் என்று அவர் பிரித்துப் பார்த்ததில்லை. அதுதான் சங்கடம். ஆலை எரிந்த குடும்பத்தில் ஒருவரிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை நானே கேட்டேன். என்னிடமும் ஒருமுறை அப்படி நடந்தது. என் கணவர், குடிவந்த சில மாதங்களிலேயே அந்த வீட்டிலிருந்து மஸ்கட்டுக்குப் போனவர். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனார். பிறகு போன் குறைந்தது, பணம் வருவது நின்றது, கடைசியில் ஒன்றுமே இல்லை. ஒரு சனிக்கிழமை மாலை அக்கா மாடியேறி வந்து கதவருகில் நின்றார்.

"இன்னைக்கு அவரு டாக்சி ஏறிப் போயி மூணு வருஷமுங்க."

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குத் தெரியாதா அக்கா? நீங்க வந்து சொல்லணுமா?" என்று அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எனக்கு அது நினைவில் இல்லை. வேலை, ஷிப்ட், ரேஷன் என்று அந்த நாளை நான் தாண்டிப் போயிருந்தேன். என் அம்மாவுக்கும் தம்பிக்கும்கூட அது தெரியாது. உலகத்தில் அந்த ஒருவர் மட்டும் அதைக் குறித்து வைத்திருந்தார். அன்றைக்கு நான் அழுதேன். மறுவருடம் அதே நாளில் அவர் வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் அவரைக்காய்ப் பொரியலை வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வருடம் நானே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

கொள்ளேகாலுக்கு அப்பால் ஓர் ஓடைப் பாலத்துக்கு ஐம்பது வயதானபோது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கூடப் போனேன். பஞ்சாயத்துக்கும் இன்னும் இரண்டு ஆபீசுக்கும் முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தார். யாராவது ஒருவர் வருவார் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவரும் வரவில்லை. பதினோரு மணி வெயிலில் நாங்கள் இருவரும் அந்தச் சின்னப் பாலத்தின் நடுவில் நின்றோம். அவர் பையிலிருந்து செவ்வந்தி மாலையை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் போட்டார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்தார்.

கரும்பு ஏற்றிய லாரி ஒன்று எங்களைப் பார்த்து வேகம் குறைத்து நின்றது. டிரைவர் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "யாரு ஹோக்பிட்ரு அம்மா?" என்று கேட்டார். பாலத்தில் மாலை, பக்கத்தில் இரண்டு பெண்கள். யாரோ விபத்தில் போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

"யாரும் போகலீங்க" என்று அக்கா கன்னடத்தில் சொன்னார். "பாலத்துக்கு இன்னைக்கு ஐம்பது வயசு."

டிரைவர் பாலத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அக்கா நீட்டிய பர்பியை வாங்கிக்கொண்டு, போகும்போது ஒருமுறை ஹாரன் அடித்தார். அந்த ஹாரனை அக்கா மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். "மரியாதைக்கு அடிச்சாருங்க அம்மிணி. தெரிஞ்சுதான் அடிச்சாரு."

பள்ளிக்கூட விஷயம் வந்தது நான் குடிவந்த ஐந்தாவது வருடம். ஹனூர் பக்கம் காட்டை ஒட்டிய ஒரு கிராமத்து அரசுப் பள்ளி. அந்த ஊரிலிருந்த பெண்கள் விடுதியில் தங்கித்தான் அவர் படித்தார். அப்பா இல்லை. அம்மா கூலி வேலைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர். அந்தப் பள்ளிக்கு அந்த ஆகஸ்டில் ஐம்பது வருடம் நிறைந்தது. வழக்கம்போல அக்கா போன் செய்தார். புதிதாக வந்திருந்த இளம் தலைமையாசிரியர் போனை வைத்துவிடவில்லை. "ஹௌதா மேடம்?", அப்படியா என்று ஆச்சரியப்பட்டு, விழாவாகவே நடத்திவிடலாம் என்றார். நீங்கள் வந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்றார்.

அக்கா மாடிப்படியில் ஓடி வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த மூன்று வாரமும் என் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை நடந்தது. நான் போனில் நேரம் பார்ப்பேன். எப்படிச் சுருக்கினாலும் நான்கு நிமிடத்துக்குக் குறையவில்லை. முதல் நாள் வந்த பிள்ளைகள் இருந்த மாட்டுக்கொட்டகை, சைக்கிள் ஹேண்டில்பாரில் மணியைத் தொங்கவிட்டுக்கொண்டு காட்டு வழியில் வந்த வாத்தியார், எதையும் விட அவருக்கு மனமில்லை.

"மணியை எடுத்துடலாம்க்கா. அரை நிமிஷம் மிச்சமாகும்."

"மணி இல்லாம எப்படிங்க ஸ்கூலு?"

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் தனக்கென்று கடைக்குப் போய்ச் சேலை எடுத்தது அப்போதுதான்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டார். சிறப்பு விருந்தினருக்கு அன்றைக்குத் தோதுப்படவில்லை, பன்னிரண்டு நாள் தள்ளி வைத்திருக்கிறோம் என்றார். கம்பிக் கதவருகே நின்று அக்கா கெஞ்சியது எனக்கு மாடியில் கேட்டது. விருந்தினர் இல்லாமலே நடத்துங்கள், நான் வேண்டுமானால் பேசாமல் இருந்துகொள்கிறேன், பிள்ளைகளுக்கு மட்டும் அன்றைக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிடுங்கள் என்றார். தலைமையாசிரியர் பாவம், என்ன செய்வார். மேலே சொல்லிவிட்டார்கள் மேடம் என்றார்.

நான் இறங்கிப் போனேன். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "விடுங்கக்கா. பன்னெண்டு நாள்தானே. என்ன குறைஞ்சுபோச்சு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. கோபமில்லை. வந்தவள் வேறு யாரோ என்று இப்போதுதான் தெரிந்துகொண்டதுபோல் இருந்தது.

"என்ர பொறந்த நாளு என்னன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

தெரியாது. அத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"ஜூன் ஒண்ணுன்னு போட்டிருக்குதுங்க. அந்த ஸ்கூல்ல என்கூடச் சேந்த அத்தன பேருக்கும் ஜூன் ஒண்ணுதான். எங்கம்மாளுக்குத் தெரியல. வாத்தியாரு, தோதா இருக்கட்டும்னு போட்டுட்டாரு. சர்வீஸ் புக்குல அது, ஆதார்ல அது. நான் என்னைக்குப் பொறந்தேன்னு எனக்குத் தெரியாதுங்க. என் சம்பந்தப்பட்டதுல எனக்கு நிஜமாத் தெரிஞ்ச தேதி அந்தப் பள்ளிக்கூடத்தோடதுதானுங்க. கோப்புல என் கண்ணால பாத்தது. அதையும் தோதுக்குத் தள்ளுறாங்க."

அவர் உள்ளே போய்விட்டார்.

சரியான நாள் வியாழக்கிழமை வந்தது. அவர் லீவு போட்டுவிட்டு விடியும் முன்பே கிளம்பிப் போனார். எனக்கு முதல் ஷிப்ட். லீவு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தார். புதுச் சேலையின் கரை முழுவதும் செம்மண். நான் காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"போனீங்களாக்கா?"

"போனேனுங்க. க்ளாஸ் நடந்துட்டு இருந்துது. ஹெச்.எம். மீட்டிங்குக்குப் போயிருந்தாரு. கேட்டுக்கு வெளிய நின்னு பேசிட்டு வந்துட்டேன்."

"யார்கிட்ட?"

"ஸ்கூலுகிட்டதானுங்க."

டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டே கேட்டேன். "ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுதா?"

"இல்லீங்க. நாலு."

விழாவுக்கு அவர் போகவில்லை. காலையிலிருந்து தலைமையாசிரியர் போன் செய்துகொண்டே இருந்தார். கடைசியில் எடுத்து, "நல்லபடியா நடத்துங்க சார்" என்று சொல்லி வைத்தார். இரண்டு நாள் கழித்து செய்தித்தாளில் படம் வந்தது. நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன், காட்டியிருக்கக் கூடாது. மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில், பள்ளி தொடங்கிய நாள் என்று விழா நடந்த தேதியையே ஐம்பது வருடம் பின்னால் தள்ளிப் போட்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"இனி இதுதானுங்க நிக்கும்."

அடுத்த வருடம் அவருக்குச் சாமராஜநகருக்கு மாறுதல் வந்தது. கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. சாமான் ஒரு சின்ன டெம்போவில் பாதிகூட நிறையவில்லை. வண்டி கிளம்பும்போது, "வரட்டுங்களா அம்மிணி" என்றார், ஏதோ கடைக்குப் போகிறவர்போல. அந்தப் பின்னறைக்குப் பிறகு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், பிறகு ஒரு தம்பதி வந்தார்கள். யாரும் மாடியேறி வந்து எதையும் சொன்னதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை எனக்கு அவரிடமிருந்து போன் வரும். "இன்னைக்கு நீங்க அந்த வீட்டுக்கு வந்து ஏழு வருஷமுங்க." அடுத்த வருடம் எட்டு. பிறகு ஒன்பது. நானாக அவரைக் கூப்பிட்டது மிகவும் குறைவு. கூப்பிட வேண்டும் என்று நினைப்பேன். ஷிப்ட் முடிந்து வந்தால் கால் வலிக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அவர் ஓய்வு பெற்ற நாளைக்கூட நான் தவறவிட்டேன்.

போன வருடம் ஆகஸ்டில் அவரே கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. முட்டி இரண்டும் போய்விட்டது, அறைக்குள் நடப்பதே பெரும்பாடு என்றார். "இத்தன வருஷமும் அந்த நாளுக்கு ஸ்கூலு வாசலுக்குப் போயிட்டு இருந்தேனுங்க. போன வருஷம் முடியல. இந்த வருஷமும் ஆகாது போல இருக்குது." என்னைப் போகச் சொல்லவில்லை. சொல்கிறவர் இல்லை அவர். வைத்துவிட்டார்.

பள்ளியின் நாளுக்கு நான் லீவு போட்டேன். மைசூரிலிருந்து கொள்ளேகால், அங்கிருந்து ஹனூர், பிறகு ஒரு மினி பஸ். இறங்கியபோது மதியம் இரண்டு மணியாகிவிட்டது. கேட்டில் பூட்டு தொங்கியது. விடுமுறைப் பூட்டு இல்லை அது. துருப்பிடித்திருந்தது. மைதானத்தில் இடுப்பளவு புல். மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருந்த ஜன்னலுக்குள் யாரோ வைக்கோலை அடுக்கி வைத்திருந்தார்கள்.

போனை எடுத்து அவர் நம்பரைப் போட்டேன். பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று சொன்னால் அவருக்குத் தெரியப்போவதில்லை.

"அக்கா, நான் ஸ்கூல் வாசல்ல நிக்கிறேன்."

பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"அக்கா, ஸ்கூலை மூடிட்டாங்க. பிள்ளைங்க இல்ல போல. பூட்டு துருப்பிடிச்சிருக்கு."

அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பிறகு கேட்டார்:

"என்னைக்கு மூடுனாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா அம்மிணி?"

தெருவில் ஒரு பெட்டிக்கடை இருந்தது. கடைக்காரர், "போன வருஷமோ, அதுக்கு முந்தியோ" என்றார். பஸ் நிறுத்தத்தில் இருந்த இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர்களுக்கு என்ன அவசியம். பள்ளிக்கு எதிர்வீட்டு வாசற்படியில் ஒரு பெண் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

அவர் முறத்தை நிறுத்தினார். "நாந்தானுங்க அங்க சமையல் பண்ணிட்டு இருந்தேன். பத்தொம்பது வருஷம்."

தேதியை உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. நான் போனதற்கு முந்தின வருடம், மார்ச் கடைசிச் சனிக்கிழமை. ஏழு பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள், பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள் என்றார். "யாரும் இத எங்கிட்டக் கேட்டதில்லீங்களே. நீங்க யாரு?"

நான் போனில் தேதியைச் சொன்னேன். அக்கா ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு, "கடைசி நாளு என்ன சமைச்சாங்கன்னு கேளுங்க" என்றார். நான் கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்ல வாயைத் திறந்து, என் கையிலிருந்த போனைப் பார்த்தார். "குடுங்க, நானே சொல்றேன்" என்று வாங்கிக்கொண்டார்.

பாயசம் வைத்தாராம். அரிசியும் வெல்லமும் தன் வீட்டிலிருந்து கொண்டுபோனாராம். சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஏதோ கேட்கக் கேட்க, இவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிப் பதில் சொன்னார். ஒரு கட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு சிரித்தார். அக்காவிடம் போனில் யாரும் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை. மினி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அடுத்தது ஐந்தரைக்குத்தான் என்று கண்டக்டர் கத்தினார். நான் போகச் சொல்லிக் கைகாட்டினேன்.

அந்தப் பெண் முறத்தை நகர்த்திவைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"இருங்க, வெச்சுடாதீங்க" என்றார் போனில். "ஏழு பிள்ளைங்கன்னு சொன்னேனே, பேரச் சொல்லவே இல்ல பாருங்க."